பூண்டுக் காட்டில் ஒரு கேள்வி

அறுபதுகளில் கவுஞ்சி என்ற மலைக்கிராமத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ஒரு மாலை, காட்டில் பூண்டு கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்குச் சங்கப் பாட்டு ஒன்றைப் படித்துப் பொருள் சொன்னேன். தினைக்காவலுக்கு வரும் பெண்ணை அங்கேதான் காதலன் சந்திப்பான். தினை அறுத்தாகிவிட்டது, இனி அவள் வரமாட்டாள் என்று தோழி அவனிடம் சொல்கிறாள்.

பேச்சி என்ற இளம்பெண் கட்டு வைக்கிற சாக்கில் அருகே வந்தாள். "எங்கதைய யாருங்க ஒங்ககிட்டச் சொன்னது?" என்றாள் தாழ்ந்த குரலில்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. அன்றோடு பூண்டு வேலை முடிகிறது, இனி அவளும் காட்டுக்கு வரமாட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது ரெண்டாயிரம் வருசத்துப் பாட்டும்மா."

நம்பாமல் பார்த்தாள். "அப்ப, அவன் வந்து பொண்ணு கேட்டானா?"

பாட்டில் அது இல்லை. பரீட்சையிலும் யாரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவன் வந்தானா என்றுதான் தேடுகிறேன். எந்த அவன் என்பதில் எனக்கே குழப்பம்.