“அப்பாவிடம் வராதே” என்று மகளைப் பார்த்துக் கத்திய காலை

போன வருடம் ஆடி கழிந்து, பள்ளிபாளையத்துக்குக் கீழே காவிரிக் கதவணையில் தண்ணீர் நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. இதைப் படிக்கிற பிள்ளைகள் பலரும் என் மகள் வயதுதான் இருப்பீர்கள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மச்சான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். மீன் பிடிக்கச் சின்ன ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார். துடுப்புப் போட்டுத் தோள் வலிக்கிறதென்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் வாங்கி, படகின் பின்பலகையில் அவரே முறுக்கி மாட்டினார். கனமான லாரி பேட்டரியையும் அதை ஒட்டியே வைத்தார். அவரும் அங்கேயே உட்கார்ந்தார். மோட்டார் ஓடுவதைப் பார்க்கிற ஆசையில் நானும் பின்னாலேயே உட்கார்ந்தேன். மகள் மட்டும் முன்னால். யாருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

“முன்பக்கம் தூக்குதுங்களே மச்சான்?”

“லாரிக்கு பாடி கட்டறவன்கிட்டக் கேக்கற கேள்வியா மாப்ள இது? பாரம் பின்னாடி இருந்தாத்தான் வண்டி நிக்கும்.”

படகு சத்தமில்லாமல் நடு ஆற்றுக்குப் போய்விட்டது. திரும்புவதற்காக மச்சான் மோட்டாரைப் பின்னோக்கி ஓடவிட்டார். பின்பலகை அமுங்கி, என் முதுகுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் மடமடவென்று உள்ளே வந்தது. மோட்டாரை நிறுத்தியும் தண்ணீர் வருவது நிற்கவில்லை.

மகள் பயந்து எழுந்து, என்னிடம் வர ஒரு கால் எடுத்து வைத்தாள். அவள் பாரமும் பின்னால் சேர்ந்தால் படகு மூழ்கிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

“வராத சாமி. அங்கயே உக்காரு. எங்கிட்ட வராத.”

நான் அடித்துவிட்டதுபோல் அவள் முகம் மாறியது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

நான் தவழ்ந்து தவழ்ந்து நடுவுக்கு நகர்ந்தேன். பின்பக்கம் மெல்ல மேலே வந்தது. மச்சான் பேட்டரியை நடுவுக்குத் தள்ளிவிட்டு, பெயின்ட் டப்பாவால் தண்ணீரை இறைத்தார். துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

கரையில் அவள் என்னிடம் வரவில்லை. மாமன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்கில் வீட்டுக்குப் போகும்போதுதான் பின்னாலிருந்து கேட்டாள். “ஏம்ப்பா என்னைய வராதன்னீங்க?”

வண்டியை ஓரமாக நிறுத்திக் காரணம் சொன்னேன். என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் இப்போது நீளமாக வயர் போட்டு, பேட்டரியைப் படகின் முன்பக்கம் வைத்திருக்கிறார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பயந்து ஓடிவருகிற பிள்ளையை வராதே என்று தள்ளி நிறுத்தித்தான் காப்பாற்ற வேண்டும் என்றொரு நேரம் ஒரு அப்பனுக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.