அத்தாவின் கையும் முள் வைத்த ஸ்பானரும்

எனக்குச் சரியாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதிலும் பாதி மலையாளம். மறதி வேறு. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்து மறுபடி மூடுவது அவர் வேலை. மூடும்போது மேலே உள்ள போல்ட்டுகளை ஒரே அளவாக முறுக்க வேண்டுமாம். குறைந்தால் தண்ணீர் கசியும். கூடினால் போல்ட் அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அந்த அளவு அத்தாவின் கையில் இருந்தது. நடுவில் தொடங்கி, மாற்றி மாற்றி ஓரத்துக்குப் போவார். "போதும்னா இரும்பே சொல்லும்" என்பார்.

பிறகு என்னவோ, அவர் கையில் போல்ட்டுகள் அறுபடத் தொடங்கின. மலையாளியான முதலாளி நல்ல மனுஷர். திட்டாமல் ஒரு நீளமான ஸ்பானர் வாங்கி வந்தார். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அதிலிருந்த முள் காட்டும். அத்தா அதைத் தொடவே இல்லை. இன்னொன்று அறுந்தால் வேலை போய்விடும் என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் சோற்றுத் தூக்கோடு போனேன். மிளகு வியாபாரி ஒருவரின் கார் திறந்து கிடந்தது. அத்தா குனிந்து முறுக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே வேலை செய்த என் மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"மச்சான், அந்த முள்ளுக்காரி மூலைல அழுதுட்டு நிக்கிறா. ஒரு வாட்டி தொட்டுத்தான் பாருங்களேன்."

"அவ்வளவு பாவமா இருந்தா நீயே கட்டிக்கோடா."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் பக்கத்தில் வந்து, "மதி ராவுத்தரே, மதி" என்றார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம்.

"இல்ல முதலாளி, இன்னும் பிடிக்கல" என்று அத்தா மறுபடி இழுத்தார். டப்பென்று ஒரு சத்தம். சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளியும் அதையே பார்த்தார். அப்போதுதான் சாயா வந்தது. ஆவி பறக்கிற கிளாசை விளிம்பில் பிடித்து முதலாளி நீட்டினார். அத்தா அதை உள்ளங்கை நிறையப் பொத்தி வாங்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சூடில்லையா, ராவுத்தரே?"

மாமா கிளாசைப் பிடுங்கினார். பிடுங்கியவர் கை சுட்டு அதைக் கீழே போட்டுவிட்டார். நான் கைதட்டினேன். "எங்க அத்தாவுக்குச் சுடவே சுடாது!" மாமா என் வாயைப் பொத்தினார். சூடு தாங்குவதில் அத்தாவிடம் தோற்ற கோபம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் முதலாளி எங்கள் சந்துக்கு வந்தார். உள்ளே வராமல் வெளியிலேயே நின்று அம்மாவிடம் ஏதோ பேசினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் அத்தா புறப்பட்டார். ஏலூரில் கம்பெனி வேலை என்றார்கள். தூக்கச் சொல்லி நான் கையை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்மா" என்றார். அவர் போனதும் அம்மா அவருடைய பாயை எடுத்துக் கொளுத்தினார்.

"அத்தா வந்தா எதுல படுப்பாரு?" என்று சண்டை பிடித்தேன்.

"வரட்டும், புதுசு வாங்கிக்கலாம்" என்றார் அம்மா.

அத்தா வரவில்லை. அவர் போனது ஏலூருக்கு இல்லை, குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு என்று எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார்கள். அதற்குள் அவர் அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகியிருந்தார். இப்போது மாத்திரையிலேயே குணமாகிவிடுமாம். இரும்பு அன்றும் போதும் என்று சொல்லித்தான் இருக்கும். செத்துப்போன கைக்கு அது எட்டவில்லை. இது தெரியாமல், எங்கள் அத்தா கையை நெருப்பும் ஒன்றும் செய்யாது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்குவார் என்று எழுதியிருக்கிறேன். ஓரத்திலிருந்து நடுவுக்கோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என்ஜின் வேலை தெரிந்தவர் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். கேட்க எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.