தங்கமீனைத் தொடக்கூடாதாம்

வீட்டில் இருக்கும் ஒரே தங்கமீனின் முதுகில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. மதியம் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் மீன் வாங்கிய கடைக்குப் போய், போனில் படத்தைக் காட்டினேன்.

கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

“மீனைத் தொட்டீங்களா டீச்சர்?”

தொட்டேன் என்றேன். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, தினமும் பள்ளி விட்டு வந்ததும் இரை போட்டு முதுகைத் தடவிக் கொடுப்பேன். அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்வேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

“அது மேல வழவழப்பு இருக்குல்லங்க, அதுதான் அதுக்கு மருந்து. கிருமிய ஒட்ட விடாது, ஒட்டுனாலும் கொன்னுபோடும். நீங்க தடவித் தடவி அதை வழிச்சு எடுத்துட்டீங்க. குளிருக்குத் தைலம் தேச்ச கை வேற.”

“இப்போ என்ன செய்றதுங்க?”

“கொஞ்சம் கல்லுப்பு கலந்த தண்ணியில விடுங்க. அப்புறம் தொடாதீங்க. சும்மா பாத்துக்கிட்டு இருங்க, அது போதும்.”

வந்து உப்புத் தண்ணீரில் விட்டுவிட்டேன். கண்ணாடியில் விரலை வைத்தால் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

கொடைக்கானலில் நாய் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து, ஐந்து நிமிடம் தடவிவிட்டுப் போய்விடுகிறேன். காபிகூட வேண்டாம்.