மறிக்கிற நாய்

நாய் ஒன்று வாங்குவது என்று நான் முடிவெடுத்தது தை மாதத்தில், பொங்கல் கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை. அன்று காலை என் கணவர் நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில், அரளிச் செடிகளுக்கு இடையே நின்றுகொண்டிருந்தார். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்த லாரிக்காரன் வண்டியை ஒடித்து நிறுத்தி, இறங்கி வந்து அவரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். எதிர்வீட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய்தான் அவரைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

“டீச்சர், சாரைப் பிடிங்க. செருப்பு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு ரோட்டுல நசுங்கிக் கெடக்கு.”

“அடிச்சது யாரு பாய்?”

“அவனைத் திட்டாதீங்க. அவன் அடிக்கலைன்னா வண்டி அடிச்சிருக்கும்.”

நான் திட்டவில்லை. அந்த லாரிக்காரன் செய்ததை நான் பல தடவை செய்ய நினைத்து, செய்யாமல் விட்டிருக்கிறேன்.

அவருக்கு மறதி தொடங்கியது முந்தைய ஆண்டு ஆவணியில். மழை அளவையும் விதைப்புத் தேதிகளையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உண்டு. அதனால் மாதம் தவறாமல் சொல்ல முடிகிறது. ஆவணியில் என் பெயர் போயிற்று. ஐப்பசியில் நான் யார் என்பது போயிற்று. கார்த்திகையில் அவர் மில்லுக்குப் புறப்பட ஆரம்பித்தார். அவர் மேஸ்திரியாக இருந்த நூற்பாலையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் முகூர்த்தக் கூட்டத்தின் நடுவே புகுந்து, ஷிப்ட் ஆள் ஏன் இன்னும் மாறவில்லை என்று சமையல்காரர்களை அதட்டுவார். சில நாள் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். சில நாள் பிடரியில் கைவைத்து அனுப்புவார்கள். மண்டபத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் அந்தச் சாலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கேட்டைப் பூட்டியும் பார்த்தேன். பூட்டிய இரும்புக் கேட்டில் அவர் நெற்றியை மோதிக்கொண்டார். ‘இவ என்னைச் சிறை வச்சிருக்கா’ என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒரு பெண் எனக்குக் கேட்கும்படியே, “பாவம், மனுசனைக் கொன்னுதான் ஓய்வா போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். பூட்டோடு அவரால் சண்டை போட முடியும், என்னோடும் முடியும். அவர் சண்டை போட முடியாத ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எதையும் படித்துவிட்டுச் செய்கிறவள் நான். நாய்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததையெல்லாம் மாசி முழுக்கப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே அறிவுரைதான் இருந்தது. வயதானவர்கள் குட்டி வாங்கக் கூடாது. வளர்ந்த நாயாகப் பார்க்க வேண்டும். நாயின் அழகைப் பார்க்காமல், உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு அது உடனே புரிந்தது. குட்டி என்பது வெற்று விடைத்தாள். வளர்ந்த நாய் எழுதி முடித்தது. மதிப்பெண் போட்டால் போதும்.

முதலில் பார்த்தது ஊருக்குள் ஒரு டாக்டர் வீட்டு லேப்ரடார். அவர்கள் வெளிநாடு போகிறார்கள்.

“ரொம்பச் சாது டீச்சர். யார் வந்தாலும் நக்கும்” என்றார் டாக்டரின் மனைவி.

நக்குவதற்கு எனக்குத் தம்பி இருக்கிறான், ஓய்வூதியம் வரும் வாரத்தில் தவறாமல் வருவான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அடுத்தது கடம்பூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த சிப்பிப்பாறை. முயல் விரட்டிப் பழகியது, எலும்பும் ஓட்டமுமாக இருந்தது. கேட்டைத் திறந்தால் என் கணவருக்கு முன்னால் அது ஓடிவிடும். அதையும் கழித்தேன்.

மூன்றாவதைப் பற்றிச் சொன்னவர் பாய். புதூர்ப் பக்கம் ஒரு ஆட்டுக்காரர் மந்தையை விற்றுவிட்டு, கோவையில் மகனோடு இருக்கப் போகிறாராம். அவருடைய நாய்க்கு ஆள் தேடுகிறாராம்.

பங்குனியில் போனோம். பாயின் லோடு ஆட்டோவில் முன்னால் அவரும் என் கணவரும், பின்னால் நான். உளுந்தும் மக்காச்சோளமும் எடுத்து முடித்த நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வலை கட்டி அடைத்த கிடைக்குள் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. ஆட்டுக்காரர் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே வந்தார்.

“ஆடு இல்லாதவியளுக்கு ஆட்டு நாய் எதுக்கு டீச்சரம்மா?”

“ஒன்று இருக்கிறது” என்று ஆட்டோவில் இருந்தவரைக் காட்டினேன்.

அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “வயசான கிடாயால்லா இருக்கு. அறுக்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது. ஓடுதோ?”

“ஓடுகிறார். லாரிக்கு முன்னால் போய் நிற்கிறார்.”

“அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கிய. பாருங்க.”

நொண்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டையாட்டை வலையைத் தூக்கி வெளியே தள்ளினார். அது வெள்ளரிக் கொடியைப் பார்த்து நடந்தது. வலையோரம் மண் நிறத்தில் படுத்திருந்த ஒன்று எழுந்தது. அதுவரை அதை நான் கல் என்று நினைத்திருந்தேன். நடுத்தர உயரம், ஒரு காது பாதிதான் இருந்தது. அது குரைக்கவில்லை. ஆட்டுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றது. ஆடு விலகியது, நாயும் விலகியது. ஆடு மறுபடியும் முன்னால் போனபோது பின்னங்காலில் ஒரு கவ்வு. ஆடு அலறித் திரும்பி வலைக்குள் விழுந்தது. காலில் கொஞ்சம் ரத்தம்.

“குரைக்காதா?”

“குரைக்கிற நாய் ஆட்டைக் கலைக்கும். கிடைக்கு நாய் எல்லாரும் வச்சிருக்கான், களவாணியைப் பாத்து லொள்ளுன்னு கத்துறதுக்கு. இது மறிக்கிற நாய். நூத்துல ஒண்ணு அமையும்.”

நான் விலை கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். நாயைக் காசுக்குக் கொடுத்தால் மந்தை தங்காது, தவிட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

“மந்தையைத்தான் விக்கப் போறீங்களே அண்ணாச்சி?” என்றார் பாய்.

“அது வேற கணக்கு. இது வேற கணக்கு.”

ஆட்டோவை அனுப்பித் தவிட்டு மூட்டை வாங்கிவரச் செய்தோம். அதன் பிறகு ஒரு வழக்கம் இருந்தது. மந்தைக்குப் புது ஆடு வந்தால் அதைக் கிடைக்குள் விட்டு, தவிட்டுத் தண்ணீர் காட்டி, நாயை மோந்து பார்க்க விடுவார்களாம். அதற்குப் பிறகுதான் அந்த ஆடு நாயின் பொறுப்பு. மனிதரை அந்த மாதிரிச் செய்து பார்த்ததில்லை என்று ஆட்டுக்காரரே கொஞ்சம் தயங்கினார். செய்யுங்கள் என்றேன். என் கணவரைக் கைபிடித்து வலைக்குள் கூட்டிப்போய்ச் சாக்கில் உட்கார வைத்தார். தவிட்டுத் தண்ணீரை அவர் உள்ளங்கையில் தடவினார். ஆடுகள் அவர் தோளை உரசின. அவர் என்னைப் பார்த்து, “இதெல்லாம் பதிலி ஆளா? பஞ்சு ஏறி இருக்கே ஒடம்பெல்லாம்” என்றார். நாய் வந்து உள்ளங்கையை மோந்தது, முழங்காலை மோந்தது. பிறகு அவருக்கும் வலைக்கும் நடுவே படுத்துக்கொண்டது.

திரும்பும்போது பாய், இடைசெவல் தாண்டியதும், “மனுசனைக் கொண்டுபோய்க் கிடையில உக்கார வச்சிட்டீங்களே டீச்சர்” என்றார்.

“நடுரோட்டில் உட்காருவதற்கு இது மேல், பாய்.”

“அதுவும் சரிதான்” என்றார். “ஆனா என் பக்கம் வரவிடாதீங்க. நாய் நக்கினா நான் ஏழு தரம் கழுவணும்.”

கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் புறப்பட்டார். கேட்டை நான் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். நாய் குறுக்கே நின்றது. அவர் விலகினார். அது விலகியது. அவர் மேஸ்திரிக் குரலில், “ஏலே, நவுரு” என்று அதட்டினார். அது அவர் கணுக்காலைக் கவ்வியது. அன்று தோல் கிழிந்தது. பிறகு ஒரு நாளும் கிழியவில்லை, அந்த அளவை அது ஒரே நாளில் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவர் அழுதார். பெரிய மனிதர் அழுவதை முதல் நாள் கேட்கத்தான் கஷ்டம். அதன் பிறகு குக்கர் சத்தம் மாதிரிதான்.

சித்திரையிலும் வைகாசியிலும் நான் மத்தியானம் தூங்கினேன். நூலகத்துக்குப் போனேன். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். நாய் என்னை ஏறிட்டும் பார்க்காது. தெருவில் என்னைப் பற்றிப் பேசியவள், நாய் எங்கே கிடைத்தது என்று விசாரிக்க வந்தாள். அவள் மாமியாருக்கும் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது.

ஆடி பிறந்ததும் அவர் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டார். பிறகு கூடத்துக்கு வருவதை. கடைசியில் கட்டிலை விட்டு இறங்குவதையே விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் அவர் முழங்காலைத் தட்டிவிட்டு, தசை வலுவிழந்துவிட்டது, இனி நடை வராது என்றார். நானும் அதையே நம்பினேன். விடிந்ததும் நாய் வந்து அவர் வேட்டி நுனியைப் பற்றி இழுக்கும். மந்தை மேயக் கிளம்புகிற நேரம் அல்லவா. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படுக்கும்.

புரட்டாசியில் முதல் மழை பெய்து, சுற்றிலும் விதைப்புக்கு டிராக்டர்கள் இறங்கிய வாரம், நாய் கட்டிலடியை விட்டு எழுந்து வந்து அடுப்படி வாசலில் படுத்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் வாங்கக் கேட்டுக்குப் போனேன். அது எனக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றது. விலகினேன். அதுவும் விலகியது. “போ” என்றேன். கணுக்காலில் பல் பட்டது. மெதுவாகத்தான். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

ஆட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கோவையிலிருந்து பேசினார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“கிடாய் எந்திரிக்குதா டீச்சரம்மா?”

“இல்லை. ஆடியிலிருந்து படுக்கைதான்.”

“அதான். படுத்த ஆட்டை அது விட்டுரும். மேச்சலுக்கு வராத ஆட்டுக்குக் காவல் இருந்தா மத்த ஆடு என்னாவும்? மிச்சத்தைப் பாக்கப் போயிரும்.”

“மிச்சம் என்று இங்கே என்ன இருக்கிறது? நான் அதற்குச் சோறு போடுகிறவள்.”

“சோறு போட்டா மேய்க்கிறவ ஆயிருவியளா? மேய்க்கிறவன் கம்பை எடுத்துக்கிட்டு முன்னால நடப்பான். நீங்க எங்கன நடந்திய? நாள் பூராம் வீட்டுக்குள்ளயேதான சுத்திக்கிட்டு கெடக்கிய.” சிரித்துவிட்டார். “கோவிச்சுக்கிடாதிய. அதோட கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.”

திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மூன்றாவது மாடியில் இருக்கிறேன், மண்டையில் ஒரு போடு போட்டுப் புதைத்துவிடுங்கள் என்றார்.

இரண்டு நாள் பாய் பால் பாக்கெட்டைச் சுவருக்கு மேலே எறிந்தார். மூன்றாம் நாள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, “என்ன டீச்சர் இது, இவ்வளவு படிச்சிருக்கீங்க. ஒரு சங்கிலியை எடுத்துக் கட்டிப் போட வேண்டியதுதானே?” என்றார். தன் கடையிலிருந்தே ஒரு சங்கிலியையும் எறிந்தார். நாயை முருங்கை மரத்தில் கட்டினேன். அது எதிர்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், அவசியமில்லாமல் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வரும்போது என் கணவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பித்தான்களைச் சரியாக மாட்டி, தலை வாரியிருந்தார். ஆடியிலிருந்து செத்துக் கிடந்ததாக நான் நினைத்த கால்கள் இரண்டும் வாசற்படியை இறங்கியிருந்தன. ஒரு கை தாழ்ப்பாளில் இருந்தது. மரத்தடியில் நாய் சங்கிலியை முழுக்க இழுத்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் திரும்பிப் பார்த்து, கட்டியிருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு தாழ்ப்பாளை நீக்கினார். அவருக்கு நடை போகவே இல்லை. அவர் காத்திருந்திருக்கிறார்.

“வழிய விடு. மணியடிச்சாச்சு” என்றார்.

அவரைச் சுற்றி உள்ளே நுழைந்தேன். வேகமாகப் போக அவரால் முடியாது என்பதால் எனக்கு நேரம் இருந்தது. முருங்கை மரத்தடிக்குப் போய் நின்றேன். நாய் என் கையைப் பார்க்கவில்லை, திறந்த கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தெருவில் ஒரு காலை வைத்தபோது கொக்கியைக் கழற்றினேன்.

அவர் கத்தவில்லை. நாய் குறுக்கே போய் நின்றதும் தானாகவே திரும்பி, படியேறி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்டைச் சாத்துவதற்காகப் போனேன். நாய் எனக்கும் குறுக்கே வந்தது. நின்றேன். பிறகு நானும் திரும்பிப் படியேறினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத தெளிவு அந்த முகத்தில் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

“ஏட்டி, ஒனக்கும் லீவு கிடையாதாமா?” என்றார்.

நான் உலை வைக்கப் போனேன். பின்னாலேயே நாயும் வந்தது.