பக்கத்தில் ஒரு சும்மா குழி

அமலா, சேவியர், இது உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா, சொன்னபோது, எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எதற்கு, பங்குச் சாமியாரே எழுதட்டும் என்றேன். பிறகு மனதை மாற்றிக்கொண்டேன். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் பேசிய ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். அம்மாவைக் காப்பாற்றும் மருந்து அம்மா வேலை பார்த்த லேபிலேயே இருந்தது, அப்பாதான் வாங்கிக் கொடுக்காமல் விட்டுவிட்டார் என்பது அந்தப் பேச்சு. நீங்கள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மா சாந்தோமில் கடற்கரையை ஒட்டிய சந்து ஒன்றில், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தகப்பனார் தவறிவிட்டார். கன்னியர் மடத்துக்குத் துணி தைத்துக் கொடுத்துத் தாயார் படிக்க வைத்தார். லேப் பயிற்சி முடித்து, அடையாற்றில் செடிகொடிகளில் மருந்து தேடும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தி.நகர் ஜவுளிக்கடையில் மீட்டர் கோலைப் பிடித்து நின்ற என்னை அவர் மணந்ததற்கு, இரண்டு வீட்டாரும் ஒரே கோயிலில் ஒரே பூசைக்குப் போனவர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. என்னைவிடப் படித்தவர் என்பதை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை என்று எழுதினால் மாமா சிரிப்பார். காட்டிக்கொள்வார். மளிகைக் கடைச் சீட்டில் என் கூட்டலைத் திருத்திவிட்டு, துணி அளக்கிற ஆளுக்கு இதுவே அதிகம் என்பார்.

அம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டபோது, இலை அரைக்கிறாங்க என்று சொல்லிவிட்டு வந்தவள் அமலா. பாதி சரி. இலை, வேர், பட்டை எதுவானாலும் காயவைத்து இடித்து ஸ்பிரிட்டில் ஊறப் போடுவார்கள். கடற்பாசியைக் காய்ச்சி, நோன்புக் காலத்தில் பாய் வீட்டிலிருந்து நமக்கு வருமே அதுபோல, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய விடுவார்கள். அதன்மேல் சீழிலிருந்து எடுத்த கிருமியைத் தடவி, சின்னச் சின்னக் குழி வெட்டி, குழிக்கு ஒரு சாறு விடுவார்கள். மறுநாள் பார்த்தால் கிருமி வளர்ந்து தட்டு முழுக்க ஆடை கட்டியிருக்கும். ஏதாவது ஒரு குழியைச் சுற்றி மட்டும் வளையமாகத் தெளிந்திருந்தால், அந்தச் சாறு கிருமியை வளர விடவில்லை என்று அர்த்தம். எல்லாத் தட்டிலும் ஒரு குழியில் இலையும் வேரும் இல்லாமல் வெறும் ஸ்பிரிட் மட்டும் இருக்கும். அம்மா அதற்கு வைத்த பெயர் சும்மா குழி.

அந்தச் சும்மா குழியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்மா பட்டுத்தான் தெரிந்துகொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், தட்டில் பெரிய வளையம் விழுந்தது என்று மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். தெரு முழுக்கக் கொடுத்தோம். அவசரத்தில் அன்று சும்மா குழி வெட்டவில்லை. வெட்டி மறுபடி பார்த்தபோது, வெறும் ஸ்பிரிட் விட்ட குழியைச் சுற்றியும் அதே அளவு வளையம். கிருமியைக் கொன்றது இலை இல்லை, அன்று அளவுக்கு மீறி விட்ட ஸ்பிரிட். லேபில் என்ன சொன்னார்களோ தெரியாது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட மைசூர்பாகை யாரும் திருப்பித் தர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டிலும் விடவில்லை. சேவியர், வாடகை சைக்கிளிலிருந்து விழுந்து இரண்டு முழங்காலையும் சிராய்த்துக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? வலது முழங்காலுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டார். இடதைச் சோப்புப் போட்டுக் கழுவி, சும்மா விட்டார். ஒரு கால் மட்டும் மஞ்சளாக நீ பள்ளிக்குப் போனாய். கல்யாண மாப்பிள்ளைக்குப் பாதி நலங்குதான் ஆச்சா என்று பையன்கள் கேட்டதாக வந்து அழுதாய். இரண்டு காலும் ஒன்றாகத்தான் ஆறின. அப்போது அம்மா முகத்தில் இருந்த சந்தோஷம், மைசூர்பாகு வாங்கி வந்த அன்றுகூட இல்லை.

சென்ற ஆண்டு கோடையில் அம்மாவின் முதுகில் ஒரு கட்டி வந்தது. வேனல் கட்டி என்று விட்டுவிட்டார். அது பல கண் வைத்துப் பழுத்து ராஜபிளவையானது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. கீறிச் சுத்தம் செய்தார்கள். பெனிசிலின் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஊசியை மாற்றிப் பார்த்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

அம்மாவோடு வேலை பார்த்த வரதன் சார், டாக்டரிடம் கேட்டு அந்தச் சீழில் கொஞ்சம் எடுத்துப்போய், லேபில் தட்டில் வைத்துப் பார்த்தார். பெனிசிலின் விட்ட குழியைச் சுற்றி ஒன்றும் இல்லை. கொடிவேலி வேர்ச்சாறு விட்ட குழியைச் சுற்றி அகலமான வளையம். சும்மா குழியைச் சுற்றி வளையம் இல்லை. கொடிவேலி அம்மா நெடுநாளாகப் பார்த்துவந்த வேர். அதன் பூக்காம்பு பிசுபிசுவென்று அம்மாவின் சேலை விளிம்பில் ஒட்டிக்கொண்டு வரும், நீங்கள் உட்கார்ந்து பிய்த்தெடுப்பீர்கள், அந்தச் செடிதான். வார்டு வராந்தாவில் இதை எங்களிடம் சொன்னபோது வரதன் சார் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டால் தருவதா வேண்டாமா என்பது அவருக்கும் தெரியவில்லை.

மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னா மச்சான் யோசிச்சுக்கினு கீற? என் தங்கச்சி கையால அரைச்ச வேரு. அவளுக்கே இல்லன்னா வேற யாருக்குபா?" என்றார்.

நான் உள்ளே போய் அம்மாவிடம் தட்டைப் பற்றிச் சொன்னேன். நன்றாக நினைவோடு இருந்தார். வளையம் எவ்வளவு அகலம் என்று கேட்டார். சும்மா குழியைப் பற்றியும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"எலிக்கே இன்னும் குடுக்கலையே. என்னை எலிக்கு முன்னாடி வரிசையில நிக்க வெக்கிறீங்களா?"

அந்த வேர் தோலில் பட்டாலே கொப்புளம் போடும், ரத்தத்தில் கலந்தால் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது என்றார். ஒருவேளை நோய் அதற்குக் கேட்டுவிட்டால் என்றேன்.

"கேட்டா வேரால கேட்டுச்சா, ஊசியால கேட்டுச்சான்னு எப்படிங்க சொல்லுவீங்க? நான் ஒருத்திதானே இருக்கேன். பக்கத்துல சும்மா வெக்க இன்னொருத்திக்கு எங்க போறது?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பிழைத்தால் நாளைக்கே லேப் வாசலில் கூட்டம் நிற்கும், அதில் யார் செத்தாலும் தன் பேரைச் சொல்லித்தான் குடித்திருப்பார்கள் என்றார். அமலாவுக்கு யார் சடை பின்னுகிறார்கள் என்று கேட்டார். நான் என்றேன். கோணலாக இருக்கும் என்றார்.

வெளியே வந்து வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். வரதன் சார் தலையை ஆட்டினார். நடந்தது இவ்வளவுதான். அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. வார்டில் காலைப் பால் ஊற்றிக்கொண்டு வரும் நேரத்தில் அம்மா இறைவனடி சேர்ந்தார். அன்றிலிருந்து எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கடைக்குப் போகிறேன். துணி கிழிக்கிறேன். அளவு தப்பவில்லை.

மழைக்காலம் முடிந்து வரதன் சார் வீட்டுக்கு வந்தார். நீங்கள் பள்ளிக்குப் போயிருந்தீர்கள். அதே கிருமியை ஏற்றிய எலிகளுக்கு வேர்ச்சாறு கொடுத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

"நாங்க எல்லாரும் நம்பிண்டுதான் இருந்தோம். சும்மா வெச்ச எலியும் போயிடுத்து, வேர் குடுத்த எலியும் போயிடுத்து. வேர் குடுத்தது முன்னாடியே போயிடுத்து."

தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

திருவல்லிக்கேணிக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர், எழுத்து அடுக்கும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அப்போ தங்கச்சி சொன்னதுதான் கரெக்டா என்றார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். எலி செத்ததால் அம்மா செய்தது சரி என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எலி பிழைத்திருந்தாலும், அன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அந்தப் பேச்சைப் பேசியது மாமாதான். தங்கை மேல் வைத்த பாசத்தில் பேசினார். இந்த மலரை அச்சுக் கோப்பதும் அவர்தான். இந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் மச்சான்" என்றார்.

அம்மாவின் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டிய நர்சம்மாக்களுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்த சாமியாருக்கும், தங்கள் கையாலேயே பெட்டி சுமந்த லேப் நண்பர்களுக்கும், வராத நாளுக்கும் சம்பளம் பிடிக்காத கடை முதலாளி அண்ணாச்சிக்கும், உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமிக்கும் என் கும்பிடு. பெயர் விட்டுப்போனவர்கள் அதை என் மறதி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

போன வாரம் கல்லறையில் சிலுவைக்கல் நட்டோம். கொத்தனாரோடு நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கல் வழுக்கி இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. நீங்கள் மாமாவோடு போய்விட்டீர்கள். நான் வீட்டுக்கு வந்து சமையலறையில் மஞ்சளை எடுத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, வலது கைக்குப் போட்டேன். இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சும்மா விட்டேன். இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.