ஆற்றுக்கு அக்கரையில் விட்ட நாய்

நான் தரை துடைக்கும் புற்றுநோய்க் குழந்தைகள் வார்டுக்கு இன்று, பிள்ளைகள் மனசு தேறட்டும் என்று, பழக்கிய நாய் ஒன்றைக் கூட்டி வந்தார்கள். மொட்டைத்தலைப் பையன் ஒருவன் அதைத் தடவிச் சிரித்தான். கடித்துவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு. அதன் முடி வாசம் வந்ததும் தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன்.

ரத்தப் புற்றுநோயில் படுத்திருந்த தம்பியின் காலடியிலேயே எங்கள் நாய் மணி சுருண்டு கிடக்கும்.

“நோவே இந்த நாயாலதான்” என்று பெரியப்பா அதைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தார். ஆற்றைத் தாண்டினால் நாய்க்குத் திரும்ப வழி தெரியாதாம்.

“பெரீப்பா, ஒருக்கா மட்டும் கூட்டியாங்க” என்று தம்பி கெஞ்சினான்.

“பேசாம படுறா” என்றார். கேட்டுக் கேட்டே செத்துப்போனான்.

இன்று மதியம் பெரியப்பாவின் மகன் போன் செய்தான். “அக்கா, அப்பனுக்கு ரொம்ப முடியலீங்க. உங்களைப் பாக்கோணும்னு அழுவறாருங்க.”

“கண்ணு, தம்பியும் ஒருக்கா மட்டும்னுதான் கேட்டான். நான் வரமாட்டேன்னு சொல்லிப்போடு” என்றேன்.