பதினான்காம் பேர்

படம் கழுவுவதில் குப்புராஜை மிஞ்ச ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆள் இல்லை, கேளம்பாக்கம் வரைக்கும் போய்த் தேடினாலும் கிடையாது. அவரே இப்படிச் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும், அதற்கு உரிமை உள்ளவர்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மிதந்தபோது, அவர் அட்டெண்டராக இருந்த ஆவணக் காப்பகம் அங்கேதான் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பயணி எண்பது வருடங்களுக்கு முன் ஊர் ஊராகச் சுற்றி எடுத்த படங்கள், நானூறுக்கும் மேல், சேற்றில் ஊறிக் கிடந்தன. குப்புராஜ் டிரேயில் நல்ல தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு படமாக அமிழ்த்தி, முகங்களின் மேல் விரல் படாமல் மெல்ல ஆட்டி, சேற்றை இறக்கி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். பதினொரு நாள் வேலை. தன் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு கிடந்ததை அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தார்.

அதே இடத்தில் மேல் ரேக்கில் யுத்தகாலத்து சர்க்கார் ஃபைல்களும் இருந்தன. அவை மூழ்கவில்லை. அவசரத்தில் வெளியே இழுத்துப் போட்டபோது சேறு அப்பியதோடு சரி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் படங்களைத்தான் கேட்டார்கள். ஃபைல்களை அட்டைப்பெட்டியில் போட்டு மூடி, காப்பகம் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மாறியபோது கூடவே தூக்கி வந்தார்கள். அந்தப் பெட்டிகளை அப்புறம் ஒருவரும் திறக்கவில்லை. அழகான படத்துக்கு இருக்கிற மரியாதை அழுக்குக் காகிதத்துக்கு எந்தக் காலத்தில் இருந்திருக்கிறது?

இந்த வருடம் பெட்டியைத் திறக்க வைத்தது குப்புராஜின் தங்கை கங்கம்மா. ஏரிக்கரையில் இருக்கும் அவள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆக்கிரமிப்பாம். அவள் தெருவில் முப்பது வீட்டுக்கும் அதே நோட்டீஸ். அங்கே எப்படிக் குடிவந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் வெள்ளிக்கிழமை விசாரணையில் காட்டலாம். இல்லாவிட்டால் இடிப்பு.

எப்படிக் குடிவந்தார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். யுத்தத்துக்கு நிலம் வேண்டும் என்று சர்க்கார் அவர்கள் சேரியைக் காலி செய்யச் சொல்லி, ஏரிக்கரையில் மாற்று இடம் காட்டியது. அப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதை எந்த ஆபீசில் ஒத்துக்கொள்கிறார்கள்?

மூன்று வாரம் அந்தப் பெட்டிகளில் தேடி, புதன்கிழமை மதியம் ஒரு தாளைக் குப்புராஜ் கண்டுபிடித்தார். தலைப்பு டைப் அடித்திருந்தது: யுத்த காரியமாக அப்புறப்படுத்தி ஏரிக்கரையில் குடியமர்த்திய குடும்பங்கள், முப்பத்தொன்று. அதற்குக் கீழே பென்சிலால் எழுதிய பட்டியல். பட்டியல் முழுக்கக் காய்ந்த சேறு. பதினான்காம் எண்ணுக்கு எதிரே 'குப்ப' என்று மட்டும் தெரிந்தது, மிச்சம் சேற்றுக்கு அடியில். தாத்தா பேர் குப்பன். அந்தப் பேரை ஒட்டித்தான் இவருக்கும் வைத்திருந்தார்கள். உடனே ஃபோனை எடுத்தார்.

"கங்கம்மா, கீதும்மா! தாத்தா பேரு கீது!"

"மெய்யாலுமா அண்ணா?" அவள் அழுதுவிட்டாள். ஃபோனை வைப்பதற்கு முன்பே தெருவுக்கே கேட்கும்படி கத்தியதும் இவருக்குக் கேட்டது.

காப்பகத்தின் பொறுப்பாளர் நித்யஸ்ரீ, தம்பி கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தாள். அவளிடமும் சொன்னார்.

"சூப்பர் அண்ணா! ஆனா நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க. மண்டே வந்துடுவேன்."

திங்கட்கிழமைக்குள் புல்டோசரே வந்துவிடும். ஃபோனில் படம் எடுத்துப் பார்த்தார், சேறுதான் விழுந்தது. இந்தச் சேற்றைக் கொண்டுபோய் அதிகாரியிடம் எப்படி நீட்டுவது? ஈரப் பஞ்சால் தலைப்பை ஒற்றிப் பார்த்தார். டைப் எழுத்து அசையவில்லை. கீழே இருப்பதோ பென்சில். பென்சில் தண்ணீரில் கரையாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தாளின் ஓரத்தில் லேசாக ஊதா நிறம் தெரிந்தது. ஃபைல் கட்டிய துணியின் சாயம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நானூறு படத்தைக் காப்பாற்றிய கை. டிரேயில் தண்ணீர் பிடித்தார்.

சேறு சொன்னபடி கேட்டது. ஒரு நிமிடம்கூட இல்லை, எழுத்துகள் தெளிந்து வந்தன. 'குப்பன், த/பெ சின்னக்கண்ணு, ஆறு பேர்.' ஆறு பேரில் ஒருவர் அப்பா. குப்புராஜ் வாய்விட்டுப் படித்தார்.

அவர் படிக்கும்போதே அந்த எழுத்து ஊதாவாகியது. பதறித் தாளைத் தூக்கினார். முப்பத்தொரு பேரும் ஊதாக் கோடுகளாகக் கீழே வழிந்தார்கள். ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். மிச்சம் இருந்ததும் அதில் ஒட்டிக்கொண்டு போனது.

நித்யஸ்ரீக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னார். அவள் சொன்னாள்: "அது காப்பியிங் பென்சில் அண்ணா. பாக்க சாதா பென்சில் மாதிரியே இருக்கும். ஈரம் பட்டா மையாயிடும். அந்தக் காலத்து ஆபீஸ்ல அதுலதான் எழுதுவாங்க."

முப்பது வருடம் காப்பகத்தில் வேலை பார்த்தவருக்கு இது தெரியவில்லை. படம், படம் என்று இருந்தவருக்கு எப்படித் தெரியும்? கங்கம்மாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் ஊதா ஏறிய கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அந்தத் தாளையும், பயணியின் படங்களில் ஒன்றையும் எடுத்துப்போனார். குடிசைகளின் முன்னால் இருபது பேர் நிற்கும் படம். அவரே கழுவியது, கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. பின்னால், 'தாம்பரம் அருகே கூலிகள்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகப் பார்த்தார்.

"முப்பத்தோரு குடும்பம்னு இருக்கு, சரி. அது நீங்கதான்னு எங்க இருக்கு? இந்தப் படத்துல உங்க தாத்தா யாரு?"

குப்புராஜ் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. கங்கம்மா பாய்ந்து ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தாள். "இவருதான் சார்."

"பேரு போட்டிருக்காம்மா?"

கங்கம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "பேரு கீதுன்னியே அண்ணா?"

அவளுக்குப் பின்னால் தெருக்காரர்கள் வாசல்வரை நின்றிருந்தார்கள். குப்புராஜ் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இருந்திச்சு. நான்தான் கழுவிட்டேன்."

அடுத்த புதன்கிழமை இடித்தார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றும்வரை கங்கம்மா அவரோடு பேசவில்லை. கடைசியில் அண்டாவின் மறுபக்கத்தைப் பிடிக்க அவர் போனபோதுதான் நகக்கண்ணில் போகாமல் இருந்த ஊதாவைப் பார்த்தாள். அண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து விரித்தாள்.

"இதுல எது அண்ணா நம்ம தாத்தா?"